மேலத்தோட்டத்து இன்ஜினுக்கு எங்கள் கிணற்றில் லோடு டெஸ்ட்

1. மண் தின்ற இன்ஜின்கள்

ஆயில் இன்ஜின் வெள்ளத்தில் முழுகினால் என்ன ஆகும் என்று இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்டால், "துருப் பிடிக்கும்ணே" என்கிறார்கள். துருவா? துரு வருவதற்கு முன்னாலேயே சேறு வந்துவிடும் தம்பிகளா! சைலன்சர் வழியாகப் போகும், ஏர் பில்டர் வழியாகப் போகும். அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்குள் இறங்கி, ஆயிலோடு கலந்து, ராகிக் களி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அது தெரியாமல் எவனாவது ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் ரிங் போச்சு, லைனர் போச்சு, அவன் தோள்பட்டையும் போச்சு.

எழுபதுகளின் கடைசியில் காவிரி கரை மீறி பரமத்தி வேலூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் வந்த வருஷம், எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் மாட்டு வண்டிகள் தேர்க் கூட்டம் மாதிரி நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் சேறு பூசிய ஒரு இன்ஜின், பக்கத்தில் முகம் தொங்கிப்போன ஒரு விவசாயி. வாழை சாய்ந்துவிட்டது, கரும்பு படுத்துவிட்டது. எல்லாவற்றையும்விட அவர்களுக்குக் கவலை வெற்றிலைக் கொடிக்கால்தான். கொடியின் வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். நிற்கும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ள இன்ஜின் வேண்டும். இன்ஜினோ எங்கள் வாசலில் செத்துக் கிடந்தது.

எங்கள் முதலாளி சேலத்துக்காரர். நல்ல மனுஷன், ஆனால் கஸ்டமர் குரல் உயர்ந்தால் ஸ்பேனர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார். "ராசு, லோடு டெஸ்ட் போடாம ஒரு இன்ஜினும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்பார். சும்மா ஓடுகிற இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜின் இல்லை. பம்ப்பை மாட்டி, தண்ணீர் இழுக்க வைத்து, மூச்சு வாங்காமல் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்காகவே பின்புறம் சிமெண்ட் தொட்டி கட்டி வைத்திருந்தார்.

ராசு என்பது நான்தான். ஹெட் மெக்கானிக். வண்டியிலிருந்து இன்ஜின் இறக்குகிற கூலியாளாக அங்கே நுழைந்தவன். இறக்கியதையெல்லாம் பிரித்துப் பார்க்கிற கிறுக்கு இருந்ததால் மெக்கானிக் ஆகிவிட்டேன்.

2. வராண்டா

நான் காலனிக்காரன். அப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் புரியும், வேறு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

வெள்ளத்தில் எங்கள் குடிசைகள் மொத்தமும் போய்விட்டன. மண் சுவரும் பனையோலையும் காவிரிக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ஊர்க்காரர்களில் வீடு இழந்தவர்கள் வகுப்பறையில் இருந்தார்கள், நாங்கள் வராண்டாவில் இருந்தோம். யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. அவரவர் கால் தானாகவே அங்கங்கே போய் நின்றது, அதுதான் வேடிக்கை. எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. "உள்ளார புழுங்குது பாவம், நமக்குத்தான் காத்து அள்ளிட்டுப் போகுது" என்று வகுப்பறைக்குக் கேட்கிற மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே அண்டாவில் காய்ச்சிய கஞ்சிதான் எல்லாருக்கும். வரிசை மட்டும் ரெண்டு.

தண்ணீர் வடிந்ததும் நாங்கள் காலனிக்கே திரும்பி, மூங்கிலும் கிழிந்த தார்ப்பாயும் வைத்துக் கூடாரம் போட்டுக்கொண்டோம். அடுப்புக் கூட்டினோம். சிரிப்பும் சண்டையும் பழையபடி வந்துவிட்டன. வராதது தண்ணீர்தான். ஊர்க் குடிதண்ணீர்க் கிணறு மேட்டில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் கிணறு பள்ளத்தில் இருந்தது. முக்கால் கிணறு சேறு, அதன்மேல் நாற்றம் பிடித்த தண்ணீர். ஆற்றுத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஆற்றுத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று பிள்ளைகளைப் பார்க்க வந்த நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே எங்கள் பெண்கள் குடத்தோடு ஊர்க் கிணற்றுக்குப் போனார்கள். போனார்கள் என்றால், கிணற்றடிக்கு இல்லை. தள்ளி ஒரு புளியமரம், அதுவரைக்கும்தான். அங்கே குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். தண்ணீர் சேந்த வருகிற ஊர்ப் பெண்களில் யாராவது மனசு வைத்து, எட்ட இருந்தே ஊற்றினால் உண்டு. மனசு வைக்கிறவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர்கள் வருகிற வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும்.

என் சம்சாரம் சரசு. கல்யாணமாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! ஒருநாள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்து, அதை என் முன்னால் டொம்மென்று வைத்தாள்.

"ஏனுங்க, ஊரு இஞ்சினையெல்லாம் எழுப்பி உடறீங்களாமா?"

"ஆமா."

"நம்ம கெணத்த ஆரு எழுப்பறது?"

"சேத்த அள்ளோணும்னா மொதல்ல தண்ணிய எறைக்கோணும் சரசு. ஆத்தங்கரைக் கெணறு, எறைக்க எறைக்க ஊறும். இஞ்சின் ஓடிக்கிட்டே இருந்தாத்தான் எறங்கிச் சேறு அள்ள முடியும். நம்மகிட்ட ஏது இஞ்சின்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி நான் அந்தப் புளியமரத்தடிக்குப் போகமாட்டன். பிச்சைக்காரியாட்டம் நிக்கறதுக்கா எங்கப்பன் என்னையக் கட்டிக் குடுத்தாரு? தண்ணி வந்தா சோறு, வராட்டிப் போனா ரெண்டு பேரும் பட்டினி!"

சொன்னால் சொன்னதைச் செய்கிறவள்.

3. தொட்டி உடைந்த நல்ல நேரம்

மறுநாள் மேலத்தோட்டத்துக் கவுண்டர் தன் இன்ஜினோடு வந்தார். பெரிய கொடிக்கால் அவருடையதுதான். கோபக்காரர், ஆனால் கோபத்திலும் ஒரு கணக்கு இருக்கும். வேலை செய்கிறவனை வேலை முடிகிற வரைக்கும் திட்ட மாட்டார். எங்கள் அப்பன் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். நான் 'ஏனுங்க'வோடு நிறுத்திக்கொள்வேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? ரிப்பேர் ஆனதுக்கப்புறம் ஒரு பொழுது இந்த இஞ்சினக் காலனிக் கெணத்துல போட்டு எறைச்சுக்கறோமுங்க. டீசல் நாங்க ஊத்திக்கறோம்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏண்டா ராசு, உங்க கெணத்துல கெடந்த பைப்பக் கொண்டாந்து நான் எம்பட கெணத்துல எறக்கோணுமா? நல்லா இருக்குதுடா உம்பட நாயம்!"

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இன்ஜினின் பிஸ்டனை, பம்ப்பை, பைப்பை எல்லாம் பிரித்துத் துடைத்து மாட்டுகிறவன் நான். என் கை பட்டால் தீட்டு இல்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீர் பட்டால் தீட்டு. கிரீஸ் பூசின கைக்கு ஒரு சட்டம், குடம் பிடிக்கிற கைக்கு ஒரு சட்டம். இதை எந்தக் காலேஜில் படித்துக் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே டீசல் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினேன்.

இன்ஜின் ரெடியானது. டெஸ்ட் போடலாம் என்று பின்புறம் போனால், தொட்டியின் ஒரு பக்கச் சுவரே இல்லை. வெள்ளத்தில் மிதந்து வந்த மரம் ஏதோ மோதியிருக்கிறது. அத்தனை வேலை நெருக்கடியில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். "இப்ப என்ன பண்றது ராசு? டெஸ்ட் இல்லாம அனுப்ப முடியாதே."

"கெணத்துல போட்டுப் பாத்துரலாமுங்களே."

"எந்தக் கிணத்துல?"

"அது என் பொறுப்புங்க. பக்கத்துல எதாச்சும் ஒண்ணுல வெச்சு ஓட்டிப் பாத்துர்றேன்."

"என்னமோ பண்ணு, டெஸ்ட் மட்டும் போடாம விட்டுடாதே" என்றார்.

எங்கள் காலனிக் கிணறு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிடு தூரம். ஐயா, அந்தத் தொட்டியை உடைத்த மரம் எந்த ஊர் மரமோ, அதற்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

வண்டியைக் கட்டினோம். சரசுதான் முதல் ஆளாக ஓடிவந்து மாட்டைப் பிடித்தாள். சேறு அடைக்காமல் இருக்க பைப் நுனியில் இருக்கிற ஃபுட் வால்வைச் சுற்றி மூங்கில் கூடையைக் கட்டி சக்‌ஷன் பைப்பை இறக்கினேன். ஹேண்டிலைப் போட்டு ஒரு சுற்று, ரெண்டு சுற்று, லிவரைத் தட்டினதும் டுப் டுப் டுப்பென்று பிடித்துக்கொண்டது. கறுப்பாக, நாறிக்கொண்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெளியே வந்து விழுந்தது. காலனியே கைதட்டியது. ஆண்கள் கச்சையை இறுக்கிக்கொண்டு மண்வெட்டியும் கூடையுமாக உள்ளே இறங்கினார்கள்.

4. இன்ஜினுக்கு மஞ்சள்காமாலை

கவுண்டர் இன்ஜினை எடுத்துப் போக வந்தவர், ஒர்க்‌ஷாப்பில் அதைக் காணாமல், சத்தம் கேட்ட திசையில் நடந்து வந்துவிட்டார். காலனிக்குள் வராமல் வண்டிப் பாதையிலேயே நின்றுகொண்டு கத்தினார்.

"அட கெரகத்த! ராசு, என்னடா பண்ணிக்கிட்டிருக்கற?"

"லோடு டெஸ்ட்டுங்க. தொட்டி ஒடஞ்சு போச்சுங்க. மொதலாளியக் கேட்டுப் பாருங்க."

"வேற கெணறே கெடைக்கலியாடா உனக்கு?"

"வேற எந்தக் கெணத்துல என்னைய எறங்க உடுவாங்க, சொல்லுங்க, அங்க கொண்டு போறேன்."

அவரால் திட்ட முடியவில்லை, இன்ஜின் இன்னும் என் கையில் அல்லவா இருக்கிறது! கொடிக்கால் வேறு தண்ணீரில் நிற்கிறது. முறைத்துக்கொண்டே நின்று, டெஸ்ட் முடிந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பின்னால் நடந்ததை அவர் தோட்டத்து ஆட்களே எங்களுக்குச் சொன்னார்கள். கோயில் பூசாரியை வரவழைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்கச் சொல்லியிருக்கிறார். பூசாரியும் இன்ஜினைச் சுற்றி வந்து மந்திரம் சொல்லித் தெளித்திருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குத் தொழில் பக்தி. வெளியே மட்டும் தெளித்தால் போதுமா, தண்ணீர் போனது உள்ளே அல்லவா என்று யோசித்திருக்கிறார். கவுண்டர் பைப்பைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில், கண்ணுக்குத் தெரிந்த ஒரு மூடியைத் திறந்து, ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அப்படியே கவிழ்த்துவிட்டார். அது டீசல் டேங்க்.

இன்ஜின் கொஞ்சம் ஓடியது, இருமியது, நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

திரும்பவும் வண்டி எங்கள் வாசலில். நான் டேங்க் அடியில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினேன். பளபளவென்று மஞ்சள் தண்ணீர் கொட்டியது. ஒர்க்‌ஷாப் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை!

"ஏனுங்க, இஞ்சினுக்கு மஞ்சக்காமாலைங்களா?" என்றேன். அடக்க முடியவில்லை, வந்துவிட்டது.

முதலாளி ஸ்பேனர் எடுக்க உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கவுண்டர் பூசாரியின் மூன்று தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். பிறகு குரல் இறங்கி, "சித்த வெசையாப் பாரு ராசு. கொடி வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. பொழப்பே அதுலதான் இருக்குது" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பயிர் சாகிறதைப் பார்க்கிறவன் எவனாக இருந்தாலும் பாவம்தான். அவர் கொடிக்கால் போனால் அதில் வெற்றிலை கிள்ளுகிற எங்கள் பெண்களுக்கும் கூலி போச்சு.

ஃப்யூயல் பம்ப்பைப் பிரித்து, லைன் முழுக்கக் கழுவி, நாசில் மாற்றி மாட்டினேன். "அப்படியே எடுத்துட்டுப் போறனே" என்றார் கவுண்டர். முதலாளி வெளியே வந்தார். அன்றைக்கு மட்டும் அவருக்கு எங்கிருந்தோ தைரியம் வந்திருந்தது. "டெஸ்ட் போடாம கொண்டு போய் நடுவுல நின்னு போச்சுன்னா கொடிக்கால் மொத்தமும் போயிருங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. தொட்டி இன்னும் கட்டலை" என்றார்.

கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

5. டெலிவரி பைப்

இந்த இடைவெளியில் வேறு பலருடைய இன்ஜின்களும் எங்கள் கிணற்றில் டெஸ்ட் ஆகிப் போயிருந்தன. மேலத்தோட்டத்து இன்ஜினே அங்கே ஓடியதென்றால் மற்றவர்கள் என்ன பேச முடியும்? சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் டெஸ்ட் எங்கே போடுகிறோம் என்று கேட்காமலே இருந்துவிட்டார்கள். கேட்டால்தானே தெரியும்! ஒவ்வொரு இன்ஜின் ஓடும்போதும் எங்கள் ஆட்கள் இறங்கிச் சேறு அள்ளினார்கள். கர்ப்பிணி ஒருத்தி தவிர எல்லாப் பெண்களும் கரையில் நின்று கூடை கை மாற்றினார்கள். மூன்று வேளைக் கஞ்சி இல்லாத ஆட்கள், ஆனால் கேலிக்கும் பாட்டுக்கும் குறைச்சல் இல்லை. கடைசியில் அடியில் பாறை தெரிந்தது. பாறை இடுக்கில் ஊற்றுக் கண் திறந்து, தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் கவுண்டரின் இன்ஜின் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அவர் பாதையில் நிற்கவில்லை. எவனாவது இதில் மறுபடி எதையாவது ஊற்றிவிடுவானோ என்ற பயத்தில் இன்ஜினை விட்டு ஒரு முழம்கூட விலகாமல் கூடவே வந்து, கிணற்று மேட்டிலேயே ஏறி நின்றுகொண்டார். ஹேண்டிலையும் அவரே பிடுங்கிச் சுற்றினார்.

இன்ஜின் பிடித்தது. டெலிவரி பைப்பில் முதலில் செம்மண் கலங்கலாக வந்தது. அப்புறம் நுரை. அப்புறம் கண்ணாடி மாதிரி ஒரே சீராகத் தண்ணீர்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் எடுத்துத் தண்ணீர் விழ ஆரம்பித்ததும், நேரே போய் பைப் வாயில் குனிந்து ரெண்டு கையையும் ஏந்தி, முகத்தில் ஒரு கை அடித்துக்கொண்டு, ஒரு கை குடிப்பார்கள். டீசல் வாடை இருக்கிறதா, தண்ணீர் சப்பையா உப்பா என்று பார்க்கிறது. யோசித்துச் செய்வதில்லை. கொட்டாவி விடுகிற மாதிரி அது.

கவுண்டர் போனார், குனிந்தார், ஏந்தினார், முகத்தில் அடித்தார், குடித்தார்.

கிணற்றுக்குள் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். கவுண்டர் நிமிர்ந்தார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தன் கையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் ஊர் திரண்டு வந்துவிடும். பிறகு கிணறும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை.

சரசுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னொரு கை குடிங்க. ரொம்ப நேரமா வெயில்ல நிக்கறீங்க."

கிண்டல் இல்லை. வந்தவர்களிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். கவுண்டர் அவளை ஒரு நொடி பார்த்தார். மீசையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "தண்ணி நல்லாத்தான் இருக்குது" என்றார் மெதுவாக.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "பூசாரிக்குச் சொல்லி உடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அட, போடா! அவனக் கூப்பிட்டா இந்தத் தடவ எம்பட வவுத்துக்குள்ள ஒரு செம்பு ஊத்தறம்பான். வேண்டாஞ் சாமி!"

கிணறு அதிரச் சிரித்தோம். அவரும் சிரித்தார். இன்ஜின் நேராகக் கொடிக்காலுக்குப் போனது. பாதிக்கு மேல் கொடி பிழைத்துக்கொண்டது.

6. தம்பிகளுக்கு

வெள்ளம் வந்து எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது என்று மேடையில் சிலர் பேசிக் கேட்டிருக்கிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த வெள்ளத்துக்கு அப்புறமும் ஊர்க் கிணற்றில் எங்களுக்குக் கயிறு கொடுக்கவில்லை. டீக்கடையில் தனி கிளாஸ் இன்னும் பல வருஷம் இருந்தது. ஒரு கை தண்ணீரில் கவுண்டரும் மகாத்மா ஆகிவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த இன்ஜின் எப்போது ரிப்பேரானாலும், "டெஸ்ட் எங்க போடுவ?" என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை.

நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். போய்க் கேட்டபோது 'நல்லா இருக்குதுடா உம்பட நாயம்' என்றுதான் பதில் வந்தது. வேலை என் கையில் இருந்தபோது அதே இன்ஜின் தானாக எங்கள் கிணற்றுக்கு வந்தது. ஆகவே தம்பிகளா, தொழிலை நுனிவரைக்கும் கற்றுக்கொள்ளுங்கள். டெஸ்ட் எங்கே போடுவது என்று நீங்களே முடிவு செய்கிற இடத்துக்கு வாருங்கள்.

இன்ஜின் வண்டி போன பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா வந்து மருந்து போட்டு, தண்ணீர் ஊறித் தெளிந்த பிறகு, இனிமேல் குடிக்கலாம் என்று சொன்ன அன்றைக்குக் காலையில் சரசு முதல் குடத்தைச் சேந்தினாள். சேந்திய குடத்தைத் தூக்கி அப்படியே தன் காலில் கவிழ்த்தாள். இன்னொரு குடம் சேந்தினாள், அதையும் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்காக வெயிலில் காய்ந்தவள் இப்படிக் கொட்டுகிறாளே என்று எனக்குப் பதறிவிட்டது.

"அடியே, எதுக்குக் குடிதண்ணியக் கொட்டற?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டாள்.

"எங்க தண்ணி. கொட்டுவன். ஆரக் கேக்கோணும்?"